தோத்தவ கேட்ட பதில்

கரண்டு நின்ன நேரம் பார்த்து அந்தக் குரல் வந்துச்சு. தறி ஓடிக்கிட்டிருந்தா பக்கத்துல இருக்கிறவ கத்துனாக்கூடக் கேக்காது, ரேடியோவா கேக்கப்போகுது? அன்னைக்குச் செல்லூர்ப் பட்டறையில அம்புட்டுத் தறியும் ஓஞ்சு கெடந்துச்சு. பொம்பளைக முந்தானையால விசிறிக்கிட்டு உக்காந்திருந்தாக. ஆணியில தொங்குன பேட்டரி ரேடியோ மட்டும் தன்பாட்டுக்குப் பேசிக்கிட்டிருந்துச்சு. ஒச்சாயி, தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில சுத்துற ராட்டைப் பக்கத்துல காலை நீட்டி உக்காந்து வெத்தலை மடிச்சா. மடிச்ச வெத்தலை வாய்க்குப் போகல.

“ஐயா, உங்க கலை வாழ்க்கையில மறக்க முடியாத மேடை எதுங்க?”ன்னு பேட்டி எடுக்குறவரு கேட்டாரு.

பேட்டி குடுக்க வந்த நாடகக்காரன் வெள்ளைத்துரை தொண்டையைச் செருமுனான். அவருன்னு மரியாதையாச் சொல்லணும்னா அதுக்கு வேற ஆளைப் பாருங்க. அவனுக்கு அவன்தான்.

“சோழவந்தான் பக்கம் ஒரு மாசித் திருவிழாங்க. எனக்குச் சாமியார் வேசம். எதுத்தாப்புல குறத்தி வேசத்துல ஒரு பொம்பளை. பேரு வேணாம், பாவம். தர்க்கத்துல ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஊமையாட்டம் நின்னுருச்சு. கடைசியில ‘தோத்தேன் சாமி’ன்னு கால்ல விழுந்துருச்சு. பதிலையும் நானே பாடுனேன். சனம் அடிச்ச விசிலு வைகைக்கு அக்கரையில கேட்டிருக்கும். அன்னையிலயிருந்துதாங்க எனக்குத் தர்க்கப்புலின்னு பேரு.”

“அட நாசமாப் போறவனே!” ஒச்சாயி எந்திரிச்ச வேகத்துல வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா எல்லாம் தரையில உருண்டுச்சு.

பக்கத்துல இருந்த தங்கப்பொண்ணு பதறிப்போனா. சின்ன வயசுக்காரி, நாடகம் பாக்காதவ. “என்னக்கா, ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?”

“தெரிஞ்ச ஆளா? அந்தக் குறத்தியே நாந்தாண்டி.”

“அய்யய்யோ, அப்பக் கால்ல விழுந்தது நீங்களா?”

அந்தப் புள்ளை வெகுளியாத்தான் கேட்டுச்சு. ஆனா வெள்ளைத்துரை சொன்ன அம்புட்டுப் பொய்யையும்விட அந்த ஒரு கேள்விதான் ஒச்சாயி நெஞ்சைக் கிழிச்சுச்சு. ரேடியோ சொன்னா ஊரே நம்பும். நாளைக்கு இவ செத்தாக்கூட, கால்ல விழுந்த குறத்தின்னுதான பேசுவாக? பொழப்பைப் பறிச்சான், சரி, போனாப் போகுதுன்னு பல்லைக் கடிச்சிருந்தா. இப்ப செயிச்ச ராத்திரியையும்ல தூக்கிட்டுப் போறான்!

நடந்தது இதுதான்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கெடையாது. சாமியார் ஒரு ஊர்ப் பஸ்ஸுல வருவான், குறத்தி ஒரு ஊர்ப் பஸ்ஸுல வருவா, ஆர்மோனியக்காரரு இன்னொரு ஊரு. கொட்டகைக்குப் பின்னால பவுடர் பூசும்போதுதான் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாப்பாக. மேடையேறுன பெறகு தர்க்கம் வரும். தினைக்காட்டுல கிளி விரட்டுற குறத்தியைச் சாமியார் வம்புக்கு இழுப்பான். இவன் பாட்டுல கேள்வி போடுவான், அவ பாட்டுலயே பதில் சொல்லணும். எழுதி வச்சதெல்லாம் ஒண்ணும் இல்ல, அந்த நேரத்துக்கு வாயில வர்றதுதான்.

அதுக்குன்னு ரெண்டு முறை உண்டு. வேசத்தை எம்புட்டு வேணும்னாலும் இழுக்கலாம், வேசம் போட்ட ஆளை இழுக்கக்கூடாது. அது ஒண்ணு. எதிராளி பதில் தெரியாம ‘தோத்தேன்’னு ஒத்துக்கிட்டா, கேள்வி கேட்டவன் அந்தப் பதிலைப் பாடிக் காட்டணும். பதில் தெரியாத கேள்வியைக் கேட்டவன் மேடைக்கே லாயக்கில்லாதவன். அது ரெண்டாவது.

அந்த மாசித் திருவிழாவுல வெள்ளைத்துரை என்ன கேள்வி போட்டாலும் ஒச்சாயி டக்கு டக்குன்னு திருப்பிக் குடுத்தா. சனம் அவ பக்கம் சாய ஆரம்பிச்சிருச்சு. இவனுக்குப் பொறுக்கல. மைக்கைக் கிட்ட இழுத்துப் போட்டு ஒரு கேள்வி பாடுனான்.

“தாயி மொகம் பாக்காத குறத்திப் புள்ளே, ஒன்னத்
தாலாட்டி வளத்தது யாரு, சொல்லு புள்ளே?”

நாடகத்துல வர்ற குறத்திக்கு ஆத்தாளும் உண்டு, அப்பனும் உண்டு. தாயி மொகம் பாக்காதவ ஒச்சாயிதான். அவ ஆத்தா இருளாயி நாத்து நடப் போன எடத்துல வலி வந்து, வரப்புலயே பெத்துப் போட்டுட்டு, பொழுது சாயுறதுக்குள்ள கண்ணை மூடிட்டா. நாடகக்காரங்க எல்லாருக்கும் இது தெரியும். தெரிஞ்சுதான் கேட்டான், பாவிப்பய.

கேட்டுட்டு அவன் நிக்கக்கூட இல்ல. ‘இவளாவது, பதில் சொல்றதாவது’ன்னு ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டு, படுதாவுக்குப் பின்னால சோடா குடிக்கப் போயிட்டான். பெட்டிக்கடை கொட்டகைக்குப் பின்னால கொஞ்ச தூரம் தள்ளி, ஜெனரேட்டரு பக்கத்துல இருந்துச்சு; அந்த எரைச்சல்ல மேடைப் பாட்டு ஒண்ணும் வெளங்காது.

ஒச்சாயிக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு. ஆர்மோனியத்துல சங்கிலி அண்ணன் சுருதியை விடாமப் புடிச்சுக்கிட்டு, ‘பாடு தாயி’ன்னு கண்ணாலயே சொன்னாரு. அவ பாடுனா. எங்கயிருந்து வந்துச்சுன்னு இன்னைக்கும் அவளுக்குத் தெரியாது. பாட்டு முடிஞ்சதும் பொம்பளைக பக்கம் கொலவை கெளம்புச்சு, ஆம்பளைக துண்டைத் தூக்கி வீசுனாக. அந்த நேரம் பார்த்து வெள்ளைத்துரை வாயைத் தொடச்சுக்கிட்டு மேடைக்கு வந்தான். “சோடாச் சாமி வந்துட்டாருடோய்!”னு முன்னால இருந்தவன் ஒருத்தன் கத்துனான். அம்புட்டுதான். விடியிற வரைக்கும் அவன் வாயைத் தொறந்தா ‘சோடா, சோடா’ன்னே கூட்டம் கத்துச்சு.

அந்த அவமானத்துக்கு அவன் வட்டியும் முதலுமா வாங்கிட்டான். நாடகம் புடிச்சுக் குடுக்குற ஏசெண்டுககிட்ட ஒருத்தர் விடாமப் போயிச் சொன்னான். ஒச்சாயி தண்ணி போட்டுட்டு மேடையேறுறாளாம், பாதி ராத்திரிக்கு மேல நிக்க மாட்டேங்கிறாளாம். மோந்துகூடப் பாக்காதவ அவ! பங்குனி வந்துச்சு, சித்திரை வந்துச்சு. எவனும் கூப்புடல. ஏசெண்டுகளோட அவனுக்குப் பெரிய சங்காத்தம் இருந்ததால மத்த நடிகரும் வாயைத் தொறக்கல. அதுக்குப் பெறகுதான் ஒச்சாயி தார் சுத்த வந்தது. அதாச்சு பத்து வருசம். ராட்டையைச் சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் அவ வெள்ளைத்துரையை மனசுக்குள்ள ஒரு தடவை வஞ்சிருப்பா.

பேட்டி வந்த கொஞ்ச நாள்ல சங்கிலி அண்ணன் பட்டறையைத் தேடி வந்துட்டாரு. தலை நல்லா நரைச்சுப்போயிருந்துச்சு. வாசல்ல நின்னு இவளை வெளிய கூப்புட்டாரு.

“ஒச்சாயி, ரேடியோவுல பேட்டி எடுத்தாருல்ல முத்திருளன், அவரு ஒன்னயக் கூட்டியாரச் சொல்றாரு. பேட்டி நல்லா எடுபட்டுருச்சாம். வர்ற வாரம் சனத்தைக் கூப்புட்டு உக்கார வச்சு, நேரடியாவே ரேடியோவுல விடப்போறாக. ‘அந்தச் சோழவந்தான் தர்க்கத்தை அதே குறத்தியை வச்சுப் போட்டா என்ன’ன்னு அவரா வெள்ளைத்துரைகிட்டக் கேட்டிருக்காரு.”

“அதுக்குப் புலி என்ன சொல்லுச்சு?”

“அவருக்கு வேர்த்துருச்சு. மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாகள்ல? சரின்னு தலையை ஆட்டிட்டு, எங்கிட்டத் தனியா வந்தாரு.” சங்கிலி அண்ணன் குனிஞ்சு தரையைப் பாத்தாரு. “ரேடியோவுல சொன்ன மாதிரியே நீ நிக்கணுமாம். அவரு கேள்வியைப் பாடுவாராம், நீ பேசாம நின்னு, தோத்தேன்னு சொல்லிக் கால்ல விழுந்துரணுமாம். விழுந்துட்டா ஏசெண்டுககிட்டச் சொல்லி வர்ற சித்திரைக்கே நாடகம் வாங்கித் தாராராம். ‘பழசையெல்லாம் மறந்துரச் சொல்லு’ன்னாரு.”

பட்டறைக்குள்ள தறிக தடதடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. சித்திரையில மேடை! காதுக்குள்ள ஆர்மோனியம் கேட்டுச்சு, மூக்குல பவுடர் வாசம் அடிச்சுச்சு. பொய் சொல்லக்கூடாது, ஒரு நொடி அவ மனசு ஆடித்தான் போச்சு. ஆனா அதுக்குப் பின்னாலயே தங்கப்பொண்ணு கேட்ட கேள்வியும் வந்துருச்சு. கால்ல விழுந்தது நீங்களா?

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். நான் அன்னைக்குப் பாடுன பதிலு அவருக்குத் தெரியுமா?”

சங்கிலி அண்ணன் யோசிச்சாரு. “எங்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல. வேற எவங்கிட்டக் கேப்பாரு? கேட்டா, ‘நீங்க அப்ப எங்க போயிருந்தீக’ம்பாங்க. சோடாக் கதை சந்திக்கு வந்துரும்ல.”

ஒச்சாயி சிரிச்சா. பத்து வருசத்துல அவ இப்புடிச் சிரிச்சதே இல்ல.

“அவரு சொன்னபடியே நிக்கிறேன்னு சொல்லிருங்கண்ணே. ஒரு வார்த்தை மாத்த மாட்டேன். அப்புடியே விழுகுறேன்.”

சங்கிலி அண்ணனுக்குக் கோவம் வந்துருச்சு. “ஏத்தா, ஒனக்கு வெக்கமா இல்ல?”

“இல்லண்ணே. நீங்க சுருதியை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கங்க. நான் விழுந்தாலும் நிப்பாட்டாதீக.”

அப்பத்தான் அவருக்கு ஒறைச்சுச்சு. அவ மொகத்தை உத்துப் பாத்துட்டு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு.

நிகழ்ச்சி அன்னைக்குச் சாயங்காலம் ரேடியோ நிலையத்து ஹால்ல நாற்காலி பத்தாம சனம் செவத்தோரமா நின்னுச்சு. சோழவந்தான் பக்கமிருந்தும் வெத்தலைக் கொடிக்கால்காரங்க கொஞ்சப் பேரு வந்திருந்தாக. வெள்ளைத்துரை பட்டு ஜிப்பாவும் விரல் பூரா மோதிரமுமா மைக்கு முன்னால உக்காந்திருந்தான். ஒச்சாயி வெளுத்த சேலைதான் கட்டியிருந்தா. அவளை மேலயும் கீழயும் பாத்துட்டு, “என்ன ஒச்சாயி, நல்லாருக்கியா? சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல?”ன்னான்.

“நல்லா ஞாபகம் இருக்குண்ணே.”

செவப்பு பல்பு எரிஞ்சுச்சு. முத்திருளன் நல்ல மனுசன், கலைஞருகன்னா உசிரு. வாத்தியாரு யாரு, மொத மேடை எது, தொண்டையை எப்புடிக் காப்பாத்துறீகன்னு பயபக்தியாக் கேட்டாரு. வெள்ளைத்துரையும் அள்ளி விட்டான். “தர்க்கம்ங்கிறது அறிவுங்க. எதிராளிக்கு நூறு பதிலு தெரியும்னா கேக்குறவனுக்கு ஆயிரம் தெரிஞ்சிருக்கணும். நான் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டதே கெடையாது”ன்னான். ஒச்சாயி கண்ணைக்கூடச் சிமிட்டாம அதைக் கேட்டுக்கிட்டா. சொல்லுடா சொல்லு, இன்னும் கொஞ்சம் சொல்லுன்னு அவ மனசு குதிச்சுச்சு.

“இப்ப நேயர்களுக்காக அந்தச் சோழவந்தான் தர்க்கம்”னாரு முத்திருளன். சங்கிலி அண்ணன் ஆர்மோனியத் துருத்தியை அமுக்குனாரு. வெள்ளைத்துரைக்குக் குரல் இன்னும் நல்லாத்தான் இருந்துச்சு, அதைக் கொறை சொல்லக்கூடாது. அதே கேள்வியை, அதே நக்கலோட பாடுனான்.

“தாயி மொகம் பாக்காத குறத்திப் புள்ளே, ஒன்னத்
தாலாட்டி வளத்தது யாரு, சொல்லு புள்ளே?”

ஒச்சாயி மைக்குக் கிட்டப் போயி நின்னா. வாயைத் தொறந்தா, மூடுனா. தலையைக் குனிஞ்சா. அந்தப் பதிலு தொண்டைக்குள்ள முட்டிக்கிட்டு நிக்குது. முழுங்குனா. பத்து வருசம் அந்த மேடைக்காக ஏங்குன பொம்பளை, கெடைச்ச மைக்கு முன்னால பாட்டை முழுங்குனா. அது எம்புட்டுப் பெரிய கஷ்டம்னு பாடுறவகளுக்குத்தான் தெரியும்.

“தோத்தேன் சாமி”ன்னு சொன்னா. சொல்லிட்டு, நெடுஞ்சாண்கிடையா அவன் கால்ல விழுந்தா.

வெள்ளைத்துரை பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு, ஆசீர்வாதம் பண்ற மாதிரி கையைத் தூக்குனான். முத்திருளன் நெகிழ்ந்துபோயிட்டாரு. ஒச்சாயி எந்திரிச்சு, மைக்குக்கு நேரா வந்து, கையைக் கட்டிக்கிட்டுப் பணிவாச் சொன்னா.

“தோத்தவ கேக்குறேன் சாமி. முறைப்படி நீங்க பதிலைப் பாடுங்க.”

வெள்ளைத்துரை சிரிப்பு அப்புடியே நின்னுச்சு.

“ஆமாங்கய்யா, அன்னைக்கு நீங்க பாடுனதா சொன்னீங்கள்ல, அதையே பாடுங்க!”ன்னு ஆர்வமா மைக்கை அவன் பக்கம் திருப்பி வச்சாரு முத்திருளன். சங்கிலி அண்ணன் சுருதியை விடவே இல்ல. ம்ம்ம்னு அது இழுத்துக்கிட்டே இருந்துச்சு.

“அது வந்து… தாலாட்டுனது…” செருமுனான். மறுபடியும் செருமுனான். மோதிர வெரலால நெத்தியைத் தொடச்சான். “தாலாட்டுனது… ஆத்தாதான். பெத்த ஆத்தாதான் தாலாட்டுனா”ன்னு இழுத்துப் பாடிட்டான்.

“ஏ தாயி மொகமே பாக்காதவன்னு நீயிதானய்யா பாடுன!” செவத்தோரமா நின்ன சோழவந்தான் ஆளு ஒருத்தன் அடக்க மாட்டாமக் கத்திட்டான். ஹால் பூரா சிரிப்பு வெடிச்சிருச்சு. அந்தச் சிரிப்பும் ரேடியோவுல போகுது. டீக்கடையில போகுது, சலூன்ல போகுது, பசுமலை அடிவாரத்துலயிருந்து வைகைக்கு அக்கரை வரைக்கும் போகுது. எந்தக் கரையில விசில் கேட்டுச்சுன்னு சொன்னானோ, அதே கரைக்குப் போகுது.

முத்திருளனுக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. நேரடி நிகழ்ச்சியில மைக்குச் சும்மா கெடக்கக் கூடாது. “நீங்க… உங்களுக்குப் பதில் தெரியுமாம்மா?”ன்னு ஒச்சாயி பக்கம் திரும்புனாரு.

“தோத்தவ பாடக்கூடாதுங்கய்யா. எங்க முறை அது. செயிச்சவுகதான் பாடணும்.”

சுருதி மட்டும் ஓடுது. வெள்ளைத்துரை ஜிப்பா முதுகு ஈரமாகிருச்சு. “அடுத்த வாரம்… பதிலை அடுத்த வாரம் பாடுறேன். தொண்டை சரியில்ல”ன்னான். “நேயர்களே, அடுத்த வாரம் இதே நேரம் ஐயா பதிலோட வருவாரு”ன்னு பாவம் முத்திருளன் முடிச்சு வச்சாரு. செவப்பு பல்பு அணைஞ்சுச்சு.

ஒச்சாயி வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நின்னா. பின்னாலயே செருப்புச் சத்தம் வந்துச்சு.

“என்னடி பண்ணித் தொலைச்ச?” வெள்ளைத்துரைக்கு மூச்சு வாங்குச்சு.

“நீங்க சொன்னபடிதாண்ணே நின்னேன். ஒரு வார்த்தை மாத்தலையே? விழுகச் சொன்னீக, விழுந்தேன்.”

அவன் அக்கம்பக்கம் பாத்தான். குரலு எறங்கிருச்சு. “ஏத்தா ஒச்சாயி, பழசெல்லாம் வேணாம். அந்தப் பதிலைச் சொல்லிரு. அடுத்த வாரம் ஊரே காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருக்கும். நான் பாடலேன்னா மேடையில தலை காட்ட முடியாது. சித்திரை மாசம் முச்சூடும் நாடகம் வாங்கித் தாரேன். நான் சொன்னது பொய்யின்னு ஏசெண்டுககிட்ட நானே சொல்லிர்றேன். பதிலை மட்டும் சொல்லு தாயி.”

செல்லூர் பஸ் வந்து நின்னுச்சு. ஒச்சாயி அவனை ஏற எறங்கப் பாத்தா. இந்த மொகம் இப்புடிக் கெஞ்சணும்னு எத்தனை நாளு கோயில்ல நின்னு கேட்டிருப்பா! சாமி குடுக்குறப்பத் தட்டு நெறையத்தான் குடுக்குது. சித்திரையும் வேணாம், பங்குனியும் வேணாம்.

பஸ்ஸுக்குள்ள ஏறி சன்னலோரம் உக்காந்தா. அவன் சன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அண்ணாந்து நின்னான்.

“பாடுறேண்ணே. இந்தா, இப்பவே பாடுறேன்”னா ஒச்சாயி. “நீங்க போயி ஒரு சோடா குடிச்சிட்டு வாங்க.”

கண்டக்டர் விசில் குடுத்தாரு. பஸ் நகந்துச்சு. கம்பியைப் புடிச்ச கை நழுவிப் போச்சு. ஒச்சாயி திரும்பிப் பாக்கல. பஸ்ஸுல இருந்த சனம் என்ன நெனைக்கும்னும் பாக்கல. முழுங்குன பாட்டை வெளிய விட்டா.

“வரப்பு தொட்டிலய்யா, வானம் எனக்குப் போர்வையய்யா
நாத்து நட்ட பொம்பளைக நடுக்காட்டுல பாடுனாக
காத்தடிச்ச கருதெல்லாம் கண்ணுறங்கச் சொன்னதய்யா
தாயில்லாப் பிள்ளை எனக்கு இத்தனை தாலாட்டு
தாயை விட்டு ஓடி வந்த சாமி, ஒன்னத்
தாலாட்டுன தாயி இப்பத் தூங்குறாளா, சொல்லு சாமி?”

டிக்கெட் கிழிச்ச கையோட கண்டக்டர் அப்புடியே நின்னுட்டாரு. பின் சீட்டுல ஒரு அம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு, “இன்னொரு தடவை பாடு தாயி”ன்னுச்சு. பின்னால ரோட்டுல வெள்ளைத்துரை கையை ஆட்டிக்கிட்டு ஓடி வந்தான். அவன் காதுல பஸ்ஸு சத்தம்தான் விழுந்துச்சு.